ஏற்காட்டில் வீணை சுருதி: ட்யூனர் ஆப்பில் அனுமந்திரம் நிக்க மாட்டேங்குது

மலைவீணை:
சேலம் அஸ்தம்பட்டியில 3 கட்டைக்கு (சட்ஜம் இ) சுருதி சேர்த்த வீணை, ஏற்காடு வந்ததும் கலையுது. ஆப் வெச்சுச் சேர்த்தா சாரணி (முதல் தந்தி) சரினு பச்சை காட்டுது. அனுமந்திரத்துல (எல்லாத்துக்கும் கீழ ஒலிக்கற தந்தி) ஆப்போட முள் பி-க்கும் எஃப் ஷார்ப்புக்கும் தாவுது. அதோட சாரணியில 12-ஆம் மெட்டு (தந்தியை அழுத்தற உலோகக் கட்டை) சுருதி கூடி நிக்குது. கோளாறு ஆப்லயா, வீணையிலயா?

பிருடை:
அனுமந்திரத்துக்குக் காரணம் போன் மைக்குங்க. 3 கட்டைனா சாரணி 164.8 ஹெர்ட்ஸ், பஞ்சமம் 123.5, மந்திரம் 82.4, அனுமந்திரம் 61.7. அவ்வளவு கீழ சின்ன மைக்குக்குச் சரியாக் கேக்காது, மேல இருக்கற ஹார்மானிக்கை (அடிப்படை அதிர்வோட மடங்கு) பிடிச்சுக்கும். பி-யோட மூணாவது ஹார்மானிக் எஃப் ஷார்ப். 12-ஆம் மெட்டுக்கு நேர் மேல தந்தியை அழுத்தாமத் தொட்டு மீட்டி, உடனே விரலை எடுங்க. 123.5 வரும், முள் நிக்கும்.

கிட்டார் மோடு வேண்டாம், குரோமாட்டிக்ல (12 ஸ்வரமும் காட்டற மோடு) வைங்க. ஏ = 440-ஆ இருக்கானு பாருங்க, சிலதுல 432-க்கு மாறிக் கிடக்கும். தம்புரா ஆப் ஓடிட்டிருந்தா நிறுத்துங்க, ட்யூனர் அதையும் சேர்த்துக் கேக்கும். போனைக் குடத்துப் பலகைகிட்ட வைங்க.

பிருடையை (தந்தியை முறுக்கற முளை) எப்பவும் கீழ்ச் சுருதியில இருந்து மேல ஏத்தி நிறுத்துங்க, உள்ள அழுத்திக்கிட்டே திருப்பணும். சுருதி கூடிப்போனா நல்லா இறக்கிட்டு மறுபடி ஏத்துங்க. கடைசி நூலளவுக்கு, தந்தியோட குடத்துப் பக்க முனையில இருக்கற லங்கர் வளையம்தான். எந்தப் பக்கம் தள்ளினா ஏறுதுனு முள்ளே காட்டும்.

கோரிமேடு_கமகம்:
மலை ஏறினதும் கலையறதுக்குக் குளிர்தான் காரணம். எஃகுத் தந்தி சுருங்கி சுருதி ஏறும். கனத்த தந்திகள் வேற உலோகமா இருந்தா அதே அளவு ஏறாது, அதனால ஒண்ணுக்கொண்ணு பொருந்தாது. உறையை விட்டு எடுத்து அரைமணி நேரம் விட்டுட்டு அப்புறம் சேருங்க. பனியில பிருடை ஊதி இறுகும், முரட்டுத்தனமாத் திருக்காதீங்க. சேலத்து வெயில்ல வழுக்கினா சாக்பீஸ் தூள் தடவுங்க.

12-ஆம் மெட்டுல ரெண்டு சந்தேகம். முதல்ல, விரல் அழுத்தம்: மெட்டு உயரம், பலமா அமுக்கினாலே சுருதி கூடும். லேசா வெச்சுப் பாருங்க. அப்பவும் கூடினா மெட்டோ குதிரையோ (தந்தியைத் தாங்கற பாலம்) நகர்ந்திருக்கும். வெயில்ல நிறுத்தின கார்ல வீணை இருந்துச்சா? மெட்டைப் பிடிச்சிருக்கற மெழுகு இளகினா மெட்டு தள்ளும். அதை வீணை செய்யறவங்ககிட்ட விடுங்க, வீட்டுல மெழுகு காய்ச்ச வேண்டாம்.

மூணுகட்டை:
பிருடை சொன்னதோட ஒண்ணு. ஆப்பை சாரணிக்கு மட்டும் நம்புங்க. ஆப் காட்டற பஞ்சமம் சட்ஜத்துல இருந்து 700 சென்ட் (அரை ஸ்வரத்துக்கு 100 சென்ட்), காதுக்குச் சேர்ற பஞ்சமம் 702. சட்ஜத்தோட மீட்டினா ஒலி அலையலையா ஆடாம நிக்கற இடம் அதுதான். பஞ்சமத் தந்தியைச் சாரணியோட சேர்த்து மீட்டி, அலை அடங்கற வரைக்கும் நகர்த்துங்க. மந்திரத்துக்குச் சாரணி, அனுமந்திரத்துக்குப் பஞ்சமம் துணை. பக்கவாட்டுல இருக்கற தாளத் தந்தி மூணும் (ச, ப, மேல் ச) கடைசியில. முடிஞ்சதும் சாரணியை மறுபடி பாருங்க. மத்த தந்திகள் இழுத்ததுல அது இறங்கியிருக்கும்.

மலைவீணை:
லேசா அழுத்தினா 12-ல 4 சென்ட்தான் கூடுது. கார்ல வெயில்ல இருக்கலைங்க.

கோரிமேடு_கமகம்:
அப்ப மெட்டைத் தொடாதீங்க. சாரணியில துருவோ நெளிவோ இருந்தா தந்தியை மாத்திட்டு மறுபடி அளந்து பாருங்க.