ஜி20 நடத்தியதால் தென்னாப்பிரிக்காவுக்கு வெளியே மதிப்பு கூடியதா?

லெனேஷியாக்காரன்:
தென்காசியில் இருந்து மாமா போன் செய்தார். "உங்க ஊர்ல நடந்த ஜி20க்கு அமெரிக்கா வரவே இல்லையாமே, அவமானம்தானே?" என்றார். சட்டென்று பதில் வரவில்லை. பதினோரு வருடமாக ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கிறேன், மாநாடு நடந்த நாஸ்ரெக் மண்டபத்தைச் சுற்றி ரோடெல்லாம் சரி செய்தார்கள், எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வருமா வராதா என்று காலையில் எழுந்து பார்த்தால்தான் தெரியும். வல்லரசும் இல்லாத, சின்ன நாடும் இல்லாத நம்மைப் போன்ற நாட்டுக்கு இந்த மாநாடுகளால் என்ன கிடைக்கிறது?

டர்பன் அக்கா:
தம்பி, மாமாவிடம் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். கூட்டறிக்கை வழக்கமாகக் கடைசி நாளில்தான் வரும். இங்கே அமெரிக்கா கூடாது என்று சொல்லியும், அர்ஜென்டினா ஒதுங்கியும், 2025 நவம்பர் 22 அன்று, முதல் நாளே ஏற்றுக்கொண்டார்கள். ஏழை நாடுகளின் கடன் சுமையும் பருவநிலையும் அதில் இருக்கின்றன. ஜி20இன் அடுத்த தலைமையை வாங்கிக்கொள்ளத் தூதரக அதிகாரியை அனுப்புகிறோம் என்று அமெரிக்கா சொன்னபோது, நம் ஜனாதிபதி அவரிடம் கொடுக்க மாட்டார் என்று நம் அரசு மறுத்தது. அதற்கு விலையும் உண்டு, 2026 மியாமி மாநாட்டுக்கு நமக்கு அழைப்பில்லை என்று டிரம்ப் சொல்லிவிட்டார். இருந்தாலும் எனக்குப் பெருமைதான்.

மாரிட்ஸ்பர்க் அப்பா:
அக்கா சொல்வது சரி, ஆனால் எனக்குப் பெரிதாகப் பட்டது மாநாட்டுக்கு முந்தின நாள் நடந்தது. பெண்கள் கறுப்பு உடுத்தி நண்பகலில் 15 நிமிடம் தரையில் படுத்தார்கள். தினமும் கொல்லப்படும் பெண்களுக்காக. என் மகளும் போய்ப் படுத்தாள், வீட்டுக்கு வந்து வெகுநேரம் பேசவே இல்லை. அந்த வாரம்தான் பெண்கள் மீதான வன்முறையைத் தேசியப் பேரிடராக வகைப்படுத்தினார்கள். எத்தனை வருடமாகக் கேட்டது! உலகக் கேமராக்கள் இங்கே இருந்ததால்தான் அரசு அசைந்தது என்று நம்புகிறேன், மாநாட்டால் கிடைத்தது என்றால் எனக்கு அதுதான்.

கேப்டவுன் வாத்தியார்:
பெயர் கிடைத்தது வேறு காரியங்களால். ஆறு அணுகுண்டு செய்து வைத்திருந்து, எல்லாவற்றையும் தாமே கழற்றிப்போட்ட நாடு இது, 1993இல் அப்போதைய ஜனாதிபதி டி கிளர்க் அதை நாடாளுமன்றத்தில் சொன்னார். 2023 டிசம்பரில் காஸாவுக்காக இஸ்ரேல் மீது வழக்குப் போட ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனோம். மாநாட்டுச் செய்தி ஒரு வாரத்தில் போய்விடும், இவை பாடப்புத்தகத்தில் நிற்கும்.

லெனேஷியாக்காரன்:
நன்றி. அணுகுண்டு விஷயம் எனக்கே தெரியாது, வாத்தியாரே. ஞாயிற்றுக்கிழமை மாமாவிடம் அதில் இருந்தே ஆரம்பிக்கிறேன். அண்ணா, உங்கள் மகளிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.