93 சதவீதம் என்றால், எத்தனை பேரில்? ப்ரீ-மெட் கல்லூரி தேடிய கதைகள்

எடிசன் அம்மா:

நாங்கள் அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் எடிசனில் இருக்கிறோம். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. கையில் இரண்டு அட்மிஷன். ஒன்று, பெயரைச் சொன்னாலே பிரிட்ஜ்வாட்டர் கோவிலில் நாலு பேர் திரும்பிப் பார்க்கும் தனியார் பல்கலை. விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 90,000 டாலர். இன்னொன்று மாநிலப் பல்கலை, உதவித்தொகை போக அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. பிரவுன் பல்கலையின் எட்டு வருடத் திட்டம் மாதிரி, மெடிக்கல் இடத்தையும் சேர்த்தே தருபவற்றுக்கும் போட்டுப் பார்த்தோம். கிடைக்கவில்லை. நம் ஊர் போல ப்ளஸ் டூ முடித்து நேராக எம்பிபிஎஸ் இங்கே கிடையாது. நாலு வருடம் ஒரு பட்டம் (மெடிக்கலுக்குத் தயாராகும் இந்தப் படிப்பைத்தான் ப்ரீ-மெட் என்பார்கள்), எம்கேட் என்ற மெடிக்கல் நுழைவுத் தேர்வு, அப்புறம்தான் மெடிக்கல் ஸ்கூல். சென்னையில் இருக்கும் மாமியாருக்கு இதைப் புரியவைக்கவே எனக்கு ஒரு வருடம் ஆனது.

தனியார் பல்கலையைப் பார்க்கப் போனோம். "எங்கள் ப்ரீ-மெட் பிள்ளைகளில் 93 சதவீதம் பேருக்கு மெடிக்கலில் இடம்" என்றார்கள். என் கணவர் அந்த நிமிஷமே கடைக்குள் போய் 70 டாலருக்கு ஸ்வெட்ஷர்ட் வாங்கிவிட்டார்.

சுற்றிக் காட்டிய பெண், நூலகப் படியில் ஷூ லேஸ் கட்டிக்கொண்டே என் மகளிடம் வேறு ஒன்று சொன்னாள். முதல் வருடம் ப்ரீ-மெட் என்று சொல்லிக்கொண்டவர்கள் நானூறு பேராம். கடைசியில் மெடிக்கலுக்கு விண்ணப்பித்தது நூறுகூட இல்லையாம். பலர் தாங்களே மனம் மாறியிருப்பார்கள், சரி. ஆனால் அவளுடைய ரூம்மேட்டுக்கு ஜிபிஏ (நாலுக்கு மதிப்பெண் சராசரி) 3.4 என்பதால் கல்லூரி கமிட்டி லெட்டர், அதாவது மெடிக்கலுக்குக் கல்லூரியே எழுதும் பரிந்துரைக் கடிதம், தரவில்லை. அந்தக் கடிதம் இல்லாமலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் கமிட்டி இருக்கிற கல்லூரியிலிருந்து வந்துவிட்டு அது ஏன் இல்லை என்று மெடிக்கல் ஸ்கூல் கேட்கும். கடிதம் கிடைக்காதவர்களில் பலர் ஒதுங்கிவிடுவார்கள். 93 அப்படித்தான் வருகிறது போலிருக்கிறது. உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

பாஸ்டன் தம்பி:

அக்கா, நான் அப்படி ஒரு பெரிய பெயரில் படித்தவன். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி முதல் தேர்வில் 61. கர்வ், அதாவது மற்றவர்களின் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டு கிரேடு போடும் முறை, காப்பாற்றும் என்று நினைத்தேன். வகுப்புச் சராசரியே 74! பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் பள்ளியிலேயே கெமிஸ்ட்ரி ஒலிம்பியாட் எழுதியவன். கர்வ் அவனுக்கு எதிராக என்னைக் காப்பாற்றுமா? கடைசியில் சி ப்ளஸ். கோடையில் திரும்பப் படித்து ஏ வாங்கினேன். மெடிக்கல் ஸ்கூல்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பான ஆம்காஸ் கணக்கில் இரண்டுமே நிற்கும், பழையது அழியாது. இது எனக்கு விண்ணப்பம் நிரப்பும்போதுதான் தெரிந்தது.

பட்டம் முடித்து இரண்டு வருடம் எமர்ஜென்சியில் ஸ்க்ரைப் வேலை பார்த்தேன். டாக்டர் பேசப் பேச கேஸ் ஷீட் தட்டும் வேலை. எம்கேட்டில் 528-க்கு 516 வாங்கி இப்போது மெடிக்கல் முதல் வருடம். அந்தக் கல்லூரியில் சேர்ந்தது தப்பு என்று மட்டும் சொல்ல மாட்டேன். எதிர்த்தெருவிலேயே ஆஸ்பத்திரி, இரண்டாம் வருடத்திலேயே ஆராய்ச்சிக் கூடத்தில் இடம். இன்டர்வியூவில் எல்லோரும் கேட்டது அந்த ஆராய்ச்சியைப் பற்றித்தான்.

டாலஸ் அப்பா:

விசாவைப் பற்றி யாரும் பேசவில்லையே. என் மகன் நாலு வயதில் இங்கே வந்தவன், எச்4, அதாவது வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா. டெக்சாஸ் அரசு மெடிக்கல் ஸ்கூல்களில் பத்தில் ஒன்பது இடம் மாநிலத்துப் பிள்ளைகளுக்கு, அதனால் உள்ளூர்க் கல்லூரியே போதும் என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். 21 வயதானதும் எச்4 போய் எஃப்1 என்ற மாணவர் விசா ஆனது. கிரீன் கார்டு வரிசை நகரவே இல்லை. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களை இந்த நாட்டு மெடிக்கல் ஸ்கூல்களில் பெரும்பாலானவை எடுப்பதே இல்லை. எடுக்கிறவற்றிலும் சில, நாலு வருடப் பணத்தை முன்கூட்டியே கணக்கில் போட்டுக் காட்டச் சொல்கின்றன. மூன்றாம் வருடத்தில்தான் இதையெல்லாம் உட்கார்ந்து படித்தேன். என் மேல்தான் தப்பு. நல்லவேளை, உயிரியலோடு கம்ப்யூட்டர் சயின்ஸும் எடுக்க அந்தக் கல்லூரி விட்டது. இப்போது ஆஸ்பத்திரியிலேயே டேட்டா வேலை. "டாக்டர்களோடுதான் சாப்பிடுகிறேன்பா" என்கிறான்.

எடிசன் அம்மா:

அண்ணா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் தட்டத் தோன்றவில்லை. என் மகள் இங்கேயே பிறந்தவள். அந்தக் கவலை எங்களுக்கு இல்லாமல் போனது அதிர்ஷ்டம்தான்.

எங்களை உறுத்தியது கடன். 2026 ஜூலை முதல் மெடிக்கல் படிப்புக்குப் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு மத்திய அரசு வருடத்துக்கு 50,000, மொத்தம் 2,00,000 டாலர்தான் தரும். மேலே வேண்டுமென்றால் தனியார் வங்கி. முதல் நாலு வருடத்திலேயே கையிருப்பைக் கரைத்துவிட்டால் அப்புறம் எங்கே போவது?

மகள் இரண்டு கல்லூரிக்கும் ஒரே மெயில் அனுப்பினாள்: முதல் வருடம் ப்ரீ-மெட் என்று சேர்ந்தவர்களில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், யாருக்காவது கமிட்டி லெட்டர் மறுப்பீர்களா? மாநிலப் பல்கலையிலிருந்து ஆலோசகர் இரண்டு நாளில் போனிலேயே கூப்பிட்டு, விலகியவர்கள் கணக்கையும் சேர்த்துச் சொன்னார். எண்ணிக்கை ஒன்றும் பிரமாதமில்லை. மற்ற இடத்திலிருந்து அதே 93 போட்ட பிரசுரம் வந்தது.

நேற்று ராத்திரி மாநிலப் பல்கலைக்கு டெபாசிட் கட்டிவிட்டோம். கணவர் ஸ்வெட்ஷர்ட் ரசீதைத் தேடிக்கொண்டிருக்கிறார்.