வாய் திறக்க முடியாத மாமாவுக்குப் பல் சிகிச்சை: அனுபவமுள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். விழுப்புரம் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் என் தாய்மாமாவுக்காகக் கேட்கிறேன். வயது 52. கடைவாய்ப் பல் சொத்தையாகி, வலி தாங்காமல் பல் மருத்துவரிடம் போனோம். வாயைத் திறந்தால் இரண்டு விரல்கூட நுழையவில்லை. மூன்று விரல் நுழைய வேண்டுமாம். கன்னத்தின் உட்புறம் வெளுத்து, தடவினால் நார் நாராகத் தட்டுப்படுகிறது. பாக்கு மெல்லுவதால் வாயின் உட்தோலுக்கடியில் நார் படிந்து இறுகும் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் என்ற நோய் என்றார் மருத்துவர். காரம் பட்டாலே எரிகிறது என்று மாமா தயிர்சாதத்துக்கு மாறி வெகுநாளாகிறது. "நான் புகையிலை தொடுவதே இல்லையே" என்று இன்னும் வாதாடுகிறார். இந்த நோய்க்குப் பாக்கு மட்டுமே போதும் என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இப்போதைக்கு வேர் சிகிச்சைக் கருவி உள்ளே போகாது, பல்லைப் பிடுங்கவும் இடமில்லை. முதலில் கன்னத்தில் ஸ்டீராய்டும், இறுகிய திசுவை இளக்கும் ஹையலூரோனிடேஸ் என்ற மருந்தும் கலந்த ஊசி, கூடவே குச்சிகளை அடுக்கிக் கடித்து வாய் திறக்கும் பயிற்சி என்கிறார்கள். புற்றுநோயாக மாறும் வாய்ப்பு உண்டென்பதால் பயாப்ஸியும் (சிறு சதைத் துணுக்கை எடுத்துச் செய்யும் பரிசோதனை) எடுக்க வேண்டும்.

இந்த ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு வாய் எவ்வளவு திறந்தது? பிறகு மீண்டும் இறுகியதா? சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதற்குச் சிகிச்சை பெற்றவர்கள் இருந்தால், வெளியூரிலிருந்து வருபவர் காலை எத்தனை மணிக்கு அங்கே இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். பாக்கை விட்டவர்களும் எழுதுங்கள். "விட்டுவிடச் சொல்லுங்கள்" என்று மட்டும் வேண்டாம். கை பொட்டலத்தைத் தேடும்போது என்ன செய்தீர்கள் என்பதுதான் எங்களுக்குத் தேவை.