இரண்டு கேமரா, ஒரே டிஎஸ்சி எண்: லைட்ரூமில் பெயர் மாற்றுவது எப்படி?

கேள்வி (ராயபுரம்): போன வாரம் ஒரு கல்யாணம். நானும் தம்பியும் ஆளுக்கொரு நிக்கானில் எடுத்தது 2,340 படம். கேமரா தானாக வைக்கும் கோப்புப் பெயர் டிஎஸ்சி_0412 இரண்டிலும் இருக்கிறது. படங்களை அடுக்கித் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில், எடுத்த நேரத்தை வைத்துப் பெயர் மாற்றலாம் என்று அடுக்கிப் பார்த்தால், தாலி கட்டி முடிந்த பிறகுதான் மாப்பிள்ளை மணமேடைக்கே நடந்து வருகிறார்! தம்பி கேமரா கடிகாரம் ஏறக்குறைய 40 நிமிடம் முந்தி ஓடியிருக்கிறது. என்ன செய்ய?

தண்டையார்பேட்டையிலிருந்து: பெயரை இப்போதைக்குத் தொடாதீங்க அண்ணே, முதலில் நேரம். இரண்டு கேமராவிலும் விழுந்த ஒரே கணத்தைத் தேடுங்க. தாலி முடிச்சு போதும், இரண்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும். கேமரா சீரியல் எண்ணை வைத்துத் தம்பி படங்களை மட்டும் பிரித்து, மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ‘எடிட் கேப்சர் டைம்’ (எடுத்த நேரத்தைத் திருத்துவது) கொடுங்க. ஒன்றைத் திருத்தினால் மற்றதும் அதே அளவு நகரும். அப்புறம் எல்லாவற்றையும் நேரப்படி அடுக்கி, பெயர் மாற்ற எஃப்2 விசை. தேதியோடு வரிசை எண்ணும் சேருங்க. அட்சதை விழும்போது ஒரே நொடியில் ஐந்தாறு படம் எடுத்திருப்பீங்க.

இன்னொருவர்: விண்டோஸ் ஃபோல்டருக்குள் போய் மட்டும் மாற்றாதீங்க. காசிமேடு மீன் ஏலப் படங்கள் 600ஐ நான் அப்படித்தான் மாற்றினேன். லைட்ரூமைத் திறந்தால் எல்லாப் படத்திலும் ஆச்சரியக்குறி, கோப்பைக் காணோம் என்று. என் ஞாயிற்றுக்கிழமை போச்சு.

கேட்டவர்: சரியாக 38 நிமிடம் குறைத்தேன். மாப்பிள்ளை இப்போது நேரத்துக்கு வந்துவிட்டார். நன்றி, தண்டையார்பேட்டைத் தம்பி.