கல்லடிப் புழுக்கத்தில் லித்தொப்ஸ், ஹவோர்த்தியா

தடித்த இலையில் நீரைச் சேர்த்து வைக்கிற சின்னச் செடியான ஹவோர்த்தியா தன் வீட்டில் அழுகுது என்று இங்கே எழுதின தங்கச்சிக்கு என் அனுபவத்தையும் சொல்லி வைக்கிறேன். நான் மட்டக்களப்புக் கல்லடி, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. எல்லோரும் எத்தனை நாளைக்கு ஒருக்கா தண்ணி என்றுதான் கேட்கிறார்கள், என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது இராத்திரிப் புழுக்கத்தை.

ஹவோர்த்தியாவும், கூழாங்கல் போலவே இருக்கிற லித்தொப்ஸும் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில்தான் திறந்து காற்றை எடுக்கும். தென்னாபிரிக்கா, நமீபியாப் பக்கத்துச் செடிகள், இரவுக் குளிருக்குப் பழகினவை. இங்கே மே, ஜூனில் பல இரவுகள் 25 பாகைக்குக் கீழே இறங்காது. இரவு குளிராவிட்டால் இலைத்துளை சரியாய்த் திறக்காது, அதனால் ஹவோர்த்தியா அந்த மாதங்களில் வளராமல் அப்படியே இருக்கும், இலை கொஞ்சம் சுருங்கும். கச்சான் காற்றுக்குச் சாடி மண் காய்ந்து கிடப்பதைப் பார்த்துப் பாவம் என்று தண்ணி ஊற்றினால் வேர் போச்சு.

லித்தொப்ஸ் இன்னும் பிடிவாதம். வருசத்துக்கு ஒரு சோடி இலைதான். நடுவில் வருகிற புதுச் சோடி பழைய சோடியில் இருக்கிற நீரைக் குடித்தே வளரும், பழையது கடதாசி போலக் காயும்வரை ஒரு சொட்டும் கூடாது. பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, சல்லிக்கல்லையா வளர்க்கிறாய்?" என்றா. மாமியில் பிழையில்லை, 1811இல் பர்ச்செல் என்ற ஆங்கிலேயரே கூழாங்கல் என்று நினைத்துக் கையில் எடுத்துத்தான் அது செடி என்று கண்டார்.

மூடின கண்ணாடிப் போத்தலில் வைத்து விற்கிறார்களே, அதை வாங்காதீர்கள். பாசிக்கும் பன்னத்துக்கும் அது சரி, இதுகளுக்குச் சவப்பெட்டி. மாரியில் நான் கிழக்கு யன்னல் கண்ணாடிக்கு உள்பக்கம் வைத்து, சின்ன மின்விசிறியை இரவிலும் ஓட விடுகிறேன். கலவை ஆற்று மணல், உடைத்த செங்கல், கொஞ்சமாய்க் கூட்டெரு. கடற்கரை மணல் வேண்டாம், உப்பு. சாடி மாற்றும்போது வேரில் வெள்ளைப் பஞ்சு மாதிரி பூச்சி இருக்குதா என்றும் பாருங்கள்.

சுருக்கமாய், ஹவோர்த்தியா இங்கே வளரும், குட்டியும் போடும். லித்தொப்ஸை இந்தக் கரையில் வளர்க்கச் சொல்லி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அம்பாறை டவுன், உகனைப் பக்கம் கடலை விட்டு உள்ளே இருக்கிறவர்கள் யாராவது வளர்க்கிறீர்களா? தை மாத இரவில் அங்கே எத்தனை பாகை வரை இறங்குது?