மாந்தோப்பில் புல் வெட்ட 25 குதிரைத்திறன் பழைய டிராக்டருக்கு எந்தக் கருவி பொருந்தும்?

கேள்வி: காவேரிப்பட்டணம்

வணக்கம். எங்களுக்கு நான்கு ஏக்கர் பெங்களூரா மாந்தோப்பு உள்ளது. அப்பா காலத்து ஐஷர் டிராக்டர், 25 குதிரைத்திறன், ஒற்றை சிலிண்டர், காற்றால் குளிரும் எஞ்சின். இன்றும் நன்றாக ஓடுகிறது, விற்கும் எண்ணம் இல்லை. மழை முடிந்ததும் இடுப்பளவு வளரும் புல்லையும் பார்த்தீனியத்தையும் இதுவரை உழுதே அழித்து வந்தோம். உழவில் மேல்வேர்கள் அறுபடுவதாலும், சரிவான பகுதியில் மண் அரித்துப் போவதாலும், இனி வெட்டி, மண்ணை மூடும் மூடாக்காக அங்கேயே விட்டுவிடலாம் என்று நினைக்கிறோம். ஸ்லாஷர், ஃபிளெயில் மோவர், கட்டர் பார் ஆகிய மூன்றில் எது இந்த வண்டிக்குத் தகும்? நிலத்தில் ஆங்காங்கே கல் உண்டு. கிளட்சை மிதித்தால், பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டும் எஞ்சினிலிருந்து விடுபடும் வகை வண்டி.

பதில்: போச்சம்பள்ளி

ஐயா, கருவியின் விலையை விசாரிப்பதற்கு முன், நீங்கள் கடைசியாகச் சொன்ன கிளட்ச் விஷயத்தைத்தான் கவனிக்க வேண்டும். ஸ்லாஷரின் அடியில் சுற்றும் தட்டும் கத்திகளும் கனமானவை; கிளட்சை மிதித்த பிறகும் அந்தச் சுழற்சி உடனே அடங்காது. உங்களுடையது போன்ற ஒற்றைக் கிளட்ச் வண்டியில் அந்த விசை பி.டி.ஓ. வழியாகக் கியர்பெட்டிக்குள் திரும்பிச் சென்று பின்சக்கரங்களையே தள்ளும். மரத்தடியில் நிறுத்துவதற்காக நீங்கள் கிளட்சை மிதித்திருக்கும்போதே வண்டி மரத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். இதைத் தடுக்க பி.டி.ஓ. தண்டில் ஓவர்ரன்னிங் கிளட்ச் எனப்படும் ஒருவழிக் கிளட்சைப் பொருத்த வேண்டும். அது வண்டியிலிருந்து கருவிக்குச் சுழற்சியைக் கடத்துமே தவிர, கருவியிலிருந்து திரும்ப விடாது. அது இல்லாமல் இந்த வண்டியில் ஸ்லாஷரை மாட்டவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எஞ்சின் 25 என்றால் பி.டி.ஓ.வில் ஏறத்தாழ 20 குதிரைத்திறன்தான் கிடைக்கும். ஸ்லாஷரில் ஓரடி அகலத்துக்கு 5 குதிரைத்திறன் என்பது பொதுவான கணக்கு. ஆகவே நான்கடிக்கு மேல் போக வேண்டாம். கடையில் ஐந்தடியைக் காட்டி, "தாராளமாக இழுக்கும்" என்பார்கள். காய்ந்த புல்லில் இழுக்கும், மழைக்குப் பிந்தைய பச்சைப் புல்லில் எஞ்சின் திணறும்.

பதில்: பாலக்கோடு

உங்களிடம் மாடுகள் உள்ளனவா என்று குறிப்பிடவில்லை. நான் தீவனத்துக்காகக் கட்டர் பார்தான் வைத்திருக்கிறேன். கத்தரிக்கோல் போல வெட்டும் கருவி அது. மிகக் குறைந்த திறனே போதும், மேலே சொன்ன தள்ளும் தொல்லையும் கிடையாது. பக்கவாட்டில் நீண்டிருப்பதால், வண்டி நுழைய முடியாத தாழ்ந்த கிளைகளுக்கு அடியிலும் வெட்டும். புல் முழுத் தாளாக விழுவதால் அள்ளிக் கட்டலாம்.

ஆனாலும் உங்கள் தோப்புக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். பற்களுக்கு இடையில் ஒரு கல் சிக்கினாலே கத்தித் துண்டு உடையும். ரிவெட்டை எடுத்து வேறு துண்டு அடிக்க வேண்டும். பார்த்தீனியம் கலந்த புல்லை மாட்டுக்குப் போடவும் முடியாது, பால் கசக்கும். தீவனம் கிடைக்காது என்றால் இந்தக் கருவியின் பெரிய பயனே போய்விடுகிறது.

பதில்: பர்கூர்

கல் என்றதும் ஸ்லாஷரின் வேகத்தையும் எண்ணிப் பாருங்கள். நான்கடி வட்டத்தில் கத்தி நிமிடத்துக்கு 900 சுற்றுச் சுற்றினால் அதன் முனை மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் செல்கிறது; அது கல்லில் பட்டால் கல் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. முன்னும் பின்னும் சங்கிலித் திரை தொங்கும் ஸ்லாஷரையே வாங்குங்கள், வெட்டும்போது ஆட்கள் யாரும் தோப்புக்குள் இருக்க வேண்டாம். இந்த விஷயத்தில் ஃபிளெயில் மோவர் மேலானது; உருளையில் தொங்கும் அதன் சிறு கத்திகள் கல்லில் பட்டால் மடங்கிக்கொள்ளும், மூடியும் தரையை ஒட்டி இருக்கும். எனினும் அதே அகலத்துக்கு அது கூடுதல் எடையும் கூடுதல் திறனும் கேட்கும். சரிவில் ஏறும்போது உங்கள் வண்டியின் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளக்கூடும் என்பதால் எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

இன்னொன்றையும் யாரும் சொல்லவில்லை. காற்றால் குளிரும் எஞ்சினில் சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளுக்கு இடையே புல் தூசியும் பார்த்தீனியப் பூவின் பொடியும் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து அடையாக ஒட்டிக்கொள்ளும். வெளியே பார்த்தால் தெரியாது. மேல் மூடியைக் கழற்றினால்தான் தெரியும். உழவைவிடப் புல் வெட்டும் வேலையில் இந்த அடைப்பு வேகமாகச் சேரும் என்பதால், ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் எஞ்சின் ஆறிய பிறகு காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள்.

கேள்வி கேட்டவர்: காவேரிப்பட்டணம்

மூவருக்கும் நன்றி. மாடுகள் இல்லை. சங்கிலித் திரையுள்ள நான்கடி ஸ்லாஷரை ஒருவழிக் கிளட்சுடன் வாங்குகிறோம். கல்லை முன்கூட்டியே பொறுக்கிவிடுவோம். அந்தக் கிளட்சைச் சேர்த்தால் தண்டு நீளமாகிவிடுமே, என்ன செய்வது?

பதில்: போச்சம்பள்ளி

ஆம், நீளும். கருவியை மாட்டி, ஹைட்ராலிக்கில் மேலும் கீழும் மெதுவாக நகர்த்தி, இரு முனைகளுக்கும் இடையே தூரம் மிகக் குறையும் நிலையைக் கண்டு அளவெடுங்கள். அந்த நிலையிலும் தண்டின் இரு பாதிகளும் முட்டிக்கொள்ளக் கூடாது. அறுப்பதானால் உள்குழாய், வெளிக்குழாய் இரண்டையும் சம அளவில் அறுத்து, பிசிறை அரம் போட்டு எடுத்து, கிரீஸ் தடவிச் சேர்க்க வேண்டும். சுமை மிஞ்சினால் தான் உடைந்து கியர்பெட்டியைக் காக்கும் ஷியர் போல்ட் உடைந்தால் அதே தரத்தில்தான் மாற்ற வேண்டும். கடினமான போல்ட்டைப் போட்டால் அடுத்த கல்லுக்குக் கியர்பெட்டிதான் உடையும். பார்த்தீனியம் பூப்பதற்கு முன் முதல் வெட்டை முடித்துவிடுங்கள், வெட்டு உயரம் மூன்று அங்குலத்துக்குக் குறைய வேண்டாம்.