எதிர்பரிமாற்று மாறியா, குறிமாறியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கிராஸ்மன் மாறிக்கு (Grassmann variable: அஆ = −ஆஅ என்று பெருகும் மாறி) 'எதிர்பரிமாற்று மாறி' என்ற தமிழ்ப் பெயரைப் பரிந்துரைத்திருந்ததைப் பார்த்தேன். பொருளில் பிழையில்லை. ஆனால் முதல் தடவை கேட்பவர் அதைப் 'பரிமாற்று விதிக்கு உட்படாத மாறி' என்றுதான் எடுத்துக்கொள்வார். அணிப்பெருக்கலும் பொதுவாக அந்த விதிக்கு உட்படாதது. அங்கே இடம் மாற்றினால் என்ன வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இங்கே சொல்லலாம். இடம் மாறினால் குறி மாறும், அவ்வளவுதான். ஆகவே 'குறிமாறி' என்று வைக்கலாம் என்பது என் கருத்து. தன்னையே தன்னால் பெருக்கினால் பூச்சியம் என்பதும் அந்தப் பெயரிலிருந்தே வந்துவிடும். 'குறி மாறி வந்தது' என்ற வினையெச்சத்தோடு குழம்பாதிருக்க, சேர்த்து எழுதினால் போதும்.

ஜெர்மானியக் கணிதவியலாளர் கிராஸ்மன் 1844இல் தொடங்கிவைத்த இந்தப் பெருக்கலை சோவியத் கணிதவியலாளர் பெரெசின் நுண்கணிதமாக்கினார். எலெக்ட்ரான் போன்ற பெர்மியான் துகள்களைக் கையாள இயற்பியலாளர்களுக்கு அது தேவைப்பட்டது. அதில் வகையிடலும் தொகையிடலும் ஒரே செயல்: மாறிலியைத் தொகையிட்டால் 0, குறிமாறியைத் தொகையிட்டால் 1.

அடுத்து, இந்த மாறிகள் அடங்கிய 'முடிவிலாப் பரிமாண இயற்கணிதம்' என்பதில் 'முடிவிலாப் பரிமாண' என்ற முன்னொட்டை விட்டுவிடலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். விடக்கூடாது. அ, ஆ என்று இரண்டே ஆக்கிகள் (பெருக்கியும் கூட்டியும் மற்ற எண்களை உண்டாக்கும் அடிப்படைக் குறிமாறிகள்) இருப்பதாக வைத்துக்கொள்வோம். பரிமாணம் 4 (1, அ, ஆ, அஆ). க என்ற குறிமாறியின் சார்பு ப + மக. இதன் வகைக்கெழு ம ஆகவேண்டும். இப்போது ம இருக்கும் இடத்தில் ம + அஆ என்று போட்டுப் பாருங்கள். க என்பது அ, ஆ இரண்டின் மடங்குகளால் ஆனது. அஆ-வை அவற்றில் எதனோடு பெருக்கினாலும் ஓர் ஆக்கி இரண்டு முறை வந்து பூச்சியமாகிவிடும். சார்பு அப்படியே இருக்கிறது, வகைக்கெழுவுக்கு மட்டும் இரண்டு விடைகள் வந்துவிட்டன! ஆக்கிகளை நூறாக்கினாலும் இதே கதைதான். எல்லா ஆக்கிகளின் பெருக்கமும் அதே வேலையைச் செய்யும். முடிவில்லாத ஆக்கிகள் இருந்தால், ஆக்கிகளின் எந்தப் பெருக்கத்தை எடுத்தாலும் அதில் வராத ஓர் ஆக்கி மிச்சம் இருக்கும். அப்போதுதான் வகைக்கெழு ஒன்றே ஒன்றாகிறது.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த இடம். இந்த இயற்கணிதத்தின் எண்ணில் ஆக்கி கலவாத பகுதியை உடல் என்றும், மீதியை ஆன்மா என்றும் இயற்பியலாளர் பிரைஸ் டிவிட் அழைத்தார். நம்மிடம் மெய்யும் உயிரும் தயாராக இருக்கின்றன. மெய் என்றால் உடம்பு. மெய்யெண்ணிலும் அதே சொல். இரண்டும் சேர்ந்தது 'உயிர்மெய்யெண்'. இதைவிடப் பொருத்தமாக வேறு மொழியில் அமையுமா, தெரியவில்லை. ஒரு வேறுபாடு உண்டு. இலக்கணத்தில் மெய்தான் உயிரை நம்பியிருக்கும். இங்கே மெய் பூச்சியமானால் அந்த எண்ணுக்குத் தலைகீழியே (அதனோடு பெருக்கினால் 1 தரும் எண்) கிடையாது.

உயிருக்கு 'அடுக்கழி பகுதி' (ஏதோ ஓர் அடுக்கில் பூச்சியமாகிவிடும் பகுதி) என்ற மாற்றும் வந்திருந்தது. ஆக்கிகள் முடிவுறு எண்ணிக்கையில் இருந்தால் சரி. முடிவிலி ஆகும்போது பொருந்தாது: முதல் இரண்டு ஆக்கிகளின் பெருக்கம், அடுத்த இரண்டின் பெருக்கம் என்று முடிவில்லாமல் கூட்டினால், அந்தத் தொகையின் எந்த அடுக்கும் பூச்சியமாகாது.

எனக்கு இன்னும் தீராதது ஒன்றுதான். கெழுக்கள் கலப்பெண்களாக இருந்தால் மெய்யும் கலப்பெண்ணாகும். கலப்பெண்ணுக்கோ ஏற்கெனவே 'மெய்ப்பகுதி' உண்டு. அங்கே மட்டும் 'உடற்பகுதி' என்று எழுதலாமா? அப்படிச் செய்தால் உயிர்மெய் என்ற இணை உடைந்துவிடுகிறது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.